போக்கர் அறை ஒன்றில் ஆறு மணித்தியாலம்: கொத்துக்கு 5, டீலர்மாருக்கு 5, மரியாதைக்கு 3

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. குறை சொல்லவும் வேண்டும், அடுத்த மாதம் மறுபடி போகவும் வேண்டும், வாசலில் நிற்கிற அந்தப் பெரிய ஆள் என்னைப் பார்த்து வழமைபோலச் சிரிக்கவும் வேண்டும். அதனால் கொழும்பில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஏதோ ஒரு கசினோக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனது நானும் என் சித்தப்பாவின் மகனும். அவன் டொரொண்டோவில் பிறந்து வளர்ந்தவன், ஒரு கல்யாணத்துக்காக வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் நின்றான். இணையத்தில் போக்கர் ஆடி ஆடிக் கணக்கெல்லாம் மனப்பாடம். கையில் வருகிற இரண்டு கார்டும் ஒரே இலக்கமாக, ஜோடியாக இருந்தால், மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரிகிற முதல் மூன்று கார்டில் அதே இலக்கம் இன்னொன்று விழ ஏறத்தாழ 12 வீதம் வாய்ப்பு என்று புட்டை வாயில் வைத்துக்கொண்டே சொல்லுவான். ஆனால் நிஜமான மேசையில், நிஜமான மனிதர்களுக்கு நடுவில் அவன் அதிகம் இருந்ததில்லை. நான் அதற்கு நேர்மாறு. கணக்கு அவ்வளவு ஓடாது, ஆனால் ஒன்பது வயதிலிருந்து அப்பப்பாவோடு 304 விளையாடியவள், கார்ட்ஸ் மேசையில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அடி வாங்கிப் பழகியவள். போக்கர் பழகியது மூன்று வருடமாக, பம்பலப்பிட்டியில் ஒரு சிநேகிதியின் ஃபிளாட்டில், சில்லறைக் காசுக்கு.

வாசலிலேயே முதல் அடி. இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் நுழைய அரசாங்கம் வரி வைத்திருக்கிறது, முன்னர் 50 டொலர், 2025இல் அதை 100 ஆக்கினார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு அது கிடையாது. தம்பி கனடா பாஸ்போட்டை நீட்டிவிட்டு வணக்கம் வாங்கிக்கொண்டு உள்ளே போனான், பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற நான் 30,000 ரூபாய் சொச்சம் கட்டிவிட்டு அவனுக்குப் பின்னால் போனேன். இது அந்த இடத்தின் குற்றமில்லை, அதனால் புள்ளியைக் குறைக்கவில்லை. ஆனால் வயிறு எரிந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

அறை பெரிதில்லை. மூன்று மேசை, நாங்கள் போன வியாழக்கிழமை இரவு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் கொடுத்து அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ஏசி குளிர் எலும்புக்குள் போகும், சால்வை கொண்டு போங்கள். கதிரைகள் நல்லம். சாப்பாடு இலவசம், குடிக்கிறதும் இலவசம், கொத்து ரொட்டி உண்மையிலேயே அருமை, அதை மேசைக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதில்தான் ஒரு சிக்கல், பிறகு வருகிறேன்.

கார்டு பகிர்ந்து ஆட்டத்தை நடத்துகிற டீலர்மாரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அறையில் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று இருக்கிறதென்றால் அது அவர்கள்தான். நாங்கள் இருந்தபோது இரண்டு பேர் மாறி மாறி வந்தார்கள். அதில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, ஒவ்வொரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம், முடிந்ததும் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவாள். யாராவது காசு வைத்தால் சிப்ஸை, அதாவது காசுக்குப் பதிலாக வைக்கிற வில்லைகளை, சிறு கோபுரங்களாகப் பிரித்து, மேசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எண்ணுவாள். குரலை உயர்த்தி நான் கேட்கவே இல்லை.

என் முதல் பிழையை அவள் கையாண்ட விதத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். எனக்கு முன்னால் ஒருவர் 1,000 வைத்தார். நான் அதை 5,000 ஆக்கலாம் என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் 5,000 சிப் ஒன்றை முன்னால் தள்ளினேன். போக்கரில் வாயைத் திறக்காமல் பெரிய சிப் ஒன்றைப் போட்டால் அது வெறும் கோல், அதாவது 1,000க்குச் சம்மதம், மிச்சம் திரும்பி வரும். எனக்கு இது தெரியும், ஃபிளாட்டில் யாரும் பார்க்காததால் மறந்துபோன விஷயம். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மெல்லமாக “கோல்” என்று அறிவித்து, நான்கு ஆயிரங்களை எண்ணி என் பக்கம் நகர்த்தினாள், ஏதோ நான் அதைத்தான் கேட்டேன் என்பதுபோல. மேசையில் பாதிப் பேருக்கு நான் பிழை விட்டதே தெரிந்திருக்காது.

தம்பிக்கு அடுத்த பத்து நிமிடத்துக்குள் கிடைத்தது. அவன் ஒரு கைப்பிடி சிப்ஸை முன்னால் வைத்தான், எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தான், பிறகு இன்னொரு கைப்பிடி எடுத்து வைக்கப் போனான். இதற்கு ஸ்ட்ரிங் பெட் என்று பெயர். இரண்டு தவணையாகப் போடக் கூடாது, முதல் தவணையில் எதிராளியின் முகம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாம் தவணையை முடிவு செய்யலாம் என்பதால். கணினியில் ஒரு பொத்தானை அமத்தினால் காசு போய்விடும், அங்கே யாருக்கு இரண்டு கை? அந்தப் பெண் தன் விரல்களை மட்டும் சிப்ஸுக்கு நடுவில் வைத்து, இரண்டாவது கைப்பிடியைத் திருப்பித் தள்ளினாள். தம்பி காது வரை சிவந்து போனான். பிறகு அந்த இரவு முழுக்க எதைச் செய்வதற்கு முன்னும் வாயால் அறிவித்துவிட்டுத்தான் செய்தான்.

இப்போது அந்தக் கொத்து. எனக்கு இடது பக்கத்தில் ஒரு மனிதர், ஆள் தங்கமானவர், ஆனால் கொத்தைக் கையால் சாப்பிட்டுக்கொண்டே கார்டைத் தூக்கிப் பார்க்கிறார். இரண்டாவது கையில் எனக்கு வந்த ராணியின் முதுகில் ஒரு எண்ணெய்ப் பொட்டு, கோழிக் கொத்து என்று மணத்திலேயே தெரிந்தது. முதுகில் அடையாளம் விழுந்த கார்டு என்றால் ஆட்டமே பிழைத்துப்போகும், இது சுத்தம் பற்றிய கதை மட்டுமில்லை. டீலர் கட்டையே மாற்றிப் புதுக்கட்டு எடுத்தார், பணியாள் ஈரத்துடைப்பான் கொண்டுவந்து அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் வைத்தார். அவரும் புரிந்துகொண்டு கை துடைத்தார். ஆனால் கேட்கிறேன், கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிற வெள்ளைக்காரனுக்குச் சரி, கொத்தை மேசைக்குக் கொண்டுவந்து தந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு பக்க மேசை வைத்தால் முடிந்தது.

சுவரில் ஆங்கிலத்தில் விதிகள் தொங்குகின்றன. லாஸ் வேகாஸில் 2001இல் போட்டி நடத்துகிறவர்கள் சிலர் கூடி டிடிஏ என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள், உலகத்தில் பல அறைகள் அவர்களுடைய விதியைத்தான் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வைத்திருக்கின்றன. அதில் ஒழுக்கத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. முறை வராமல் ஆடுவது, மற்றவன் சிப்ஸைத் தொடுவது, வேண்டுமென்றே இழுத்தடிப்பது, அளவுக்கு மீறி அலட்டுவது, அப்புறம் சகிக்க முடியாத உடல் நாற்றம். ஆமாம், அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பஸ்களிலும் ஒட்டலாம்.

அதே விதிகளில் மொழி பற்றி ஒன்று வருகிறது. முன்னர் அமெரிக்காவில் கை ஓடும்போது ஆங்கிலம் மட்டும், மற்ற நாடுகளில் ஆங்கிலமும் உள்ளூர் மொழியும் என்று இருந்தது, பிறகு எந்த மொழி என்பதை அந்தந்த இடமே அறிவிக்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள். இந்த அறையில் “ஆங்கிலம் மட்டும்” என்று போட்டிருக்கிறார்கள். சரி, இடம் அவர்களுடையது. நோக்கம் எனக்கும் விளங்குகிறது. ஒரு கைக்கு ஒரு ஆள் என்பது போக்கரின் அடிப்படை, பக்கத்திலிருப்பவன் யோசனை சொல்லக் கூடாது, யாருக்கும் விளங்காத மொழியில் சொன்னால் தடுக்கவும் முடியாது. ஆனால் 1987இலிருந்து அரசியலமைப்பில் அரச மொழியாக இருக்கிற தமிழ், கொழும்பில் ஒரு மேசையில் யாருக்கும் விளங்காத மொழி என்று கணக்காகிவிட்டது. அன்று இரவு நடந்ததற்கு அதுதான் காரணம்.

ஒன்பது மணியளவில் எனக்கு எதிரே இரண்டு பெடியன்கள் வந்து அமர்ந்தார்கள், சென்னைக்காரர்கள், போக்கர் ஆடுவதற்கென்றே விமானம் ஏறி வந்தவர்கள். நான் டீலரோடு ஆங்கிலம், பணியாளரோடு சிங்களம். தம்பி அப்போது புகைக்கப் போயிருந்தான். ஆக, அவர்கள் கணக்கில் நான் ஒரு சிங்கள மேடம்.

முதல் கையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்தது இரண்டு ஒன்பது. 304இல் ஜாக்குக்கு 30, அதற்கு அடுத்தது ஒன்பதுக்கு 20, ஆசும் ராஜாவும் அதற்குக் கீழேதான். அப்பப்பாவின் மேசையில் வளர்ந்தவளுக்கு ஒன்பதைக் கண்டால் ஒரு பாசம், போக்கரில் அது நடுத்தரக் கார்டு என்று தெரிந்தாலும் விட மனம் வராது. மேசையில் விரிந்தது ராஜா, ஒன்பது, நாலு. தம்பியின் 12 வீதம் எனக்கு அடித்திருக்கிறது. நான் ஒன்றும் நடக்காத மாதிரி, காசு வைக்காமல் மேசையைத் தட்டிவிட்டேன். பெடியன் ஒருவன் காசு வைத்தான், நான் ஏற்றாமல் அதே அளவு மட்டும் போட்டேன். அப்போது, ஏற்கெனவே தன் கார்டுகளைக் கவிழ்த்து அந்தக் கையிலிருந்து விலகிவிட்ட மற்றவன், நல்ல தெளிவான தமிழில், “மச்சி, அந்த அக்காகிட்ட கிங்கு இல்ல, மூஞ்சிய பாரு, பயந்து பயந்து வைக்குது. ஏத்து, ஓடிரும்.”

என் மூஞ்சியைப் பற்றிய பகுப்பாய்வு எனக்கே முன்னால்.

அடுத்த கார்டில் அவன் தொகையை ஏற்றினான். நான் ஓடவில்லை. எவ்வளவு வந்தது என்பதை விடுங்கள், நல்ல தொகை.

இங்கே நான் செய்திருக்க வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். அவர்கள் செய்தது பிழை, ஆனால் எனக்கு விளங்குகிறது என்பதைச் சொல்லாமல் இருந்தது என் பிழை. எங்கள் வீட்டில் 304க்கு நாலு பேர் உட்காருவார்கள், எதிரில் இருப்பவன் உன் பாட்னர், அவனுக்கு மூக்கைச் சொறிந்தாலும் காதைத் தடவினாலும் அப்பப்பா கார்டுகளைக் கூட்டி அள்ளிவிடுவார், “கள்ளச் சைகை காட்டுறவனோட எனக்கு விளையாட்டு இல்லை” என்று எழும்பிப் போய்விடுவார், அது நத்தார் இரவாக இருந்தாலும் சரி. அந்த மனிதரின் பேத்தி இன்னும் இரண்டு கைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தாள். “இந்த தடவ நிஜமாவே வெச்சிருக்கு போல” என்றார்கள், அப்போது நான் ஒன்றுமில்லாமல் காசை ஏற்றினேன், அவர்கள் கவிழ்த்தார்கள். அது வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

மூன்றாவது கை முடிந்த பிறகு தாங்க முடியவில்லை. எல்லோருக்கும் நடுவில், “தம்பி, உங்கட பக்கத்தில இருக்கிற தண்ணிப் போத்தலை ஒருக்கா இஞ்சால தள்ளி விடுங்கோ” என்றேன்.

போத்தல் அந்தரத்தில் நின்றது. ஒருவனுக்குக் காது சிவந்தது, மற்றவன் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியாமல், “அக்கா, நீங்க தமிழா? எப்பலேர்ந்து?” என்றான்.

“பிறந்ததிலிருந்து” என்றேன்.

டீலர் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். “ஆங்கிலத்தில் மட்டும், தயவுசெய்து” என்று மூன்று பேருக்குமே சொன்னாள், எனக்கும் சேர்த்து. நியாயம். ஒரு மணித்தியாலத்துக்கு முன் இரண்டு பேர் ஹிந்தியில் கதைத்தபோது உடனேயே நிறுத்தியவள், தமிழை இவ்வளவு நேரம் விட்டிருக்கிறாள். சினிமாவில் கேட்டுக் கேட்டு ஹிந்தி அவள் காதில் படுகிறது, தமிழ் வெறும் இரைச்சலாகப் போகிறது என்று நினைக்கிறேன். தமிழ் தெரிந்த ஒரு டீலரையாவது அந்த நேரத்துக்குப் போடலாமே, கொட்டாஞ்சேனையில் ஆளா இல்லை? அந்தப் பெடியன்கள் அதற்குப் பிறகு தங்கம். இடையில் எழும்பிப் போகும்போது மன்னிப்பும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

இனி என் பெரிய மனக்குறை. பதினொரு மணிக்கு மேல் ஒருவர் வந்தார், வழமையான வாடிக்கையாளர் என்பது மனேஜர் கதிரையை இழுத்துக் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது. எல்லோரும் பொஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். தோற்றால் கார்டை டீலர் பக்கம் வீசுவார், வைப்பதில்லை. ஒருமுறை அது பறந்து அந்தப் பெண்ணின் விரல் மூட்டில் பட்டது. அவள் கையைக்கூட இழுக்கவில்லை, கார்டை எடுத்துக் கட்டோடு சேர்த்துவிட்டு அடுத்த கைக்குக் கலைக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் ஐந்து அடி தூரத்தில் மனேஜர் நின்றுகொண்டிருந்தார், போனைப் பார்த்தார்.

பிறகு தம்பியின் கை. அவனிடம் ஆசும் எட்டும். மேசையில் ராஜா, எட்டு, எட்டு, மூன்று, கடைசியாக ஜாக். மூன்று எட்டை வைத்துக்கொண்டு தம்பி மிச்சமிருந்த அத்தனையையும் உள்ளே தள்ளினான், ஒழுங்காக, “ஓல் இன்” என்று அறிவித்துவிட்டு. பொஸ் யோசிக்கத் தொடங்கினார். கூரையைப் பார்த்தார். பிளேன்டீ ஒன்று கேட்டார். வந்தது, சீனி போட்டுக் கலக்கினார், கரண்டியைத் தட்டி வைத்தார். “போடவா, விடவா” என்று பக்கத்து ஆளைக் கேட்டார். நான் நேரம் போடச் சொன்னேன், அதாவது முடிவெடுக்க ஒரு கெடு வைக்கச் சொன்னேன், மேசையில் இருக்கிற யாரும் கேட்கலாம். மனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்து, கொஞ்சம் பொறுங்கள் மேடம் என்றார். நாலு நிமிடம் போயிருக்கும். கடைசியில் “சரி, கோல்” என்றவர் ஒரு ராஜாவைத் திருப்பி வைத்தார். தம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. தேத்தண்ணீர் ஒரு வாய் குடித்தார். பிறகு மற்ற ராஜாவைத் திருப்பினார்.

மூன்று ராஜா, இரண்டு எட்டு. அந்த மேசையில் அதை வெல்ல வேண்டுமென்றால் எதிராளியின் கையில் இரண்டு எட்டும் இருந்திருக்க வேண்டும், யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. தோற்பது விளையாட்டு, தம்பியும் அதற்காக அழவில்லை. வென்ற கையை ஒளித்து வைத்துக்கொண்டு எதிராளியை வென்றதாக நம்ப விட்டு, பிறகு திறப்பதற்கு ஸ்லோ ரோல் என்று பெயர், போக்கர் மேசையில் இதைவிடக் கேவலமான காரியம் ஏமாற்று மட்டும்தான். விதிப்புத்தகத்தில் இதற்குத் தண்டனை தேடுவது கஷ்டம். ஆனால் நேரம் போடச் சொன்னதற்கு விதி இருந்தது, கார்டு வீசியதற்கும் இருந்தது. மனேஜர் அவரோடு சேர்ந்து சிரித்தார். எனக்குப் பெரிய சிப் விதியும் தம்பிக்கு இரண்டு கைப்பிடி விதியும் நொடியில் பொருந்தின, 5,000 ரூபாய்க்காரர்கள் இல்லையா நாங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில்லறைத் தகவல். வெல்லும்போது டீலருக்கு ஒரு சிப் கொடுப்பது வழக்கம், கையில் கொடுக்காதீர்கள், மேசையில் வைத்தால் அவர்கள் ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் போடுவார்கள். பெரிய சிப்ஸை முன்னால் வையுங்கள், பின்னால் ஒளித்தால் எதிராளிக்கு உங்கள் கையிருப்புத் தெரியாது, அதுவும் மரியாதைக்கேடு. வென்ற சிப்ஸில் கொஞ்சத்தை நடுவில் எடுத்துப் பையில் போடவும் முடியாது, எழும்பினால் மொத்தமாக எழும்ப வேண்டும். வியாழனைவிடச் செவ்வாய் அமைதி என்று டீலர் சொன்னாள். அந்த பொஸ் எந்த நாட்களில் வருவார் என்றும் கேட்டேன், சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்குக் கணக்கு முடித்தேன். 26,500 ரூபாய் லாபம், அதில் பெரும்பகுதி அந்த மூன்று கை. நுழைவு வரி 30,000. வீடு திரும்பப் பிடித்த பிக்மீ வாடகை வண்டிக்கு 650. மரைன் டிரைவ் முழுக்கத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, கடலையே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டில் அம்மா விழித்திருந்தா. எவ்வளவு போச்சு என்று கேட்டா. நாலாயிரம் என்றேன். “அப்ப தம்பிக்கு?” என்று திரும்பினா. அவன் அதற்குள் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டியிருந்தான்.